கத்தரிப்பூக் கதிரைகள்

அக்காவுக்குக் கத்தரிப்பூ நிறம் பிடிக்கும். அவ்வளவுதான். ஏன் பிடிக்கும் என்று கேட்டவர்கள் எல்லாரும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள், நான் உட்பட.

“ஏனெண்டு கேக்கிற ஆக்கள் எல்லாரும் ஒரு அழுகைக் கதையை எதிர்பாக்கினம்,” என்பார். “செத்துப்போன ஆரோ உடுத்த சீலை, சின்ன வயசில கிடைக்காத சட்டை, அப்பிடி ஏதாவது. ஒண்டுமில்லைத் தம்பி. கண்ணுக்குப் பிடிச்சுது. பிடிச்சதை வச்சிருக்கிறன். இதுக்கு என்ன விளக்கம்?”

எங்கள் ஒழுங்கை, ஒடுங்கிய சின்னத் தெரு, திருகோணமலை உட்துறைமுகத்தைப் பார்த்து இறங்குகிறது. எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீடு அக்காவுடையது. வாசல் கேற்றிலிருந்து பின்வளவுக் கிணற்றுக்கட்டு வரை ஒரே நிறம். யன்னல் கம்பி, குசினி அலுமாரி, தண்ணீர் வாளி, நுளம்பு வலை, கொடியில் உடுப்புக் கொழுவும் கிளிப். கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பெயின்றைப் பழைய பிரிட்ஜுக்குப் பூசியிருந்தார். தூரிகை போன வழியெல்லாம் அதில் தெரியும். ஸ்கூட்டர் அந்த நிறம், தலைக்கவசம் அந்த நிறம், மழை பெய்தால் விரிக்கும் குடையும் அந்த நிறம். சமையலிலும் விடமாட்டார். ஒழுங்கையில் யாருக்கும் சுகமில்லை என்றால் ராசவள்ளிக்கிழங்கில் அதே நிறக் கஞ்சி காய்ச்சிக் கொண்டு வருவார். அதைக் குடித்தால் சுகம் வருமா என்று எனக்குத் தெரியாது. கோப்பையைத் திறந்ததும் ஒரு சிரிப்பு வரும், அது நிச்சயம்.

அவருடைய கணவர் துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் வேலை செய்தவர். அதிகம் கதைக்காத மனிதர். அவர் இடுப்பில் உடுத்துவதும் கத்தரிப்பூச் சாரம்தான். யாரோ ஒருமுறை பகிடி பண்ணினார்கள்.

“என்ன அண்ணை, மனிசி உங்களையும் பெயின்ற் அடிச்சுப்போட்டாவோ?”

“அடிக்கட்டும்,” என்றார். “துறைமுகத்தில நிண்டு பாத்தாலே என்ர வீடு தெரியும். உன்ர வீட்டை நீ தேட வேணும்.”

தைப்பொங்கலுக்கு முன் வருடந்தோறும் சுவருக்கு நிறம் பூசுவார்கள். பெயின்ற் கடையில் நிறங்கள் அச்சடித்த அட்டை இருக்கிறது. அதைக் காட்டி இலக்கம் சொன்னால் கலந்து தருவார்கள். அக்கா அந்த அட்டையைத் தொடமாட்டார். விடியவே பின்வளவுக் கத்தரிச் செடியிலிருந்து ஒரு பூவைப் பறித்து, சில்வர் தம்ளரில் தண்ணீர் விட்டு, அதற்குள் மிதக்கவிட்டு, ஸ்கூட்டரின் முன் கூடையில் வைத்துக்கொண்டு போவார். வெயில் ஏறினால் பூ வாடி நிறம் மாறிவிடும் என்பதால் கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்பார். நான் ஒருநாள் அதே கடையில் தற்செயலாக நின்றேன். கலந்து கொடுத்தவர் அட்டையைப் பார்த்து, “சரியாத்தான் அக்கா இருக்கு,” என்றார்.

“அட்டையைப் பாக்காதையும் தம்பி. பூவைப் பாரும். சிவப்புக் கூடிப்போச்சு.”

“அக்கா, இந்தளவு வித்தியாசம் ஆருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும். என்ர சுவர்.”

மறுபடி கலந்தார்கள்.

கதிரைகளின் கதையும் அப்படித்தான் தொடங்கியது. வீட்டில் வைக்க ஆறு பிளாஸ்ரிக் கதிரைகள் அவருக்குத் தேவைப்பட்டன. கடைகளில் வெள்ளை, பச்சை, மண்ணிறம், நீலம் எல்லாம் இருந்தன. இது இல்லை. கம்பனி முகவரைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். அந்த நிறம் விலைப்படாது, வேண்டுமென்றால் ஒரு லொறி நிறைய எடுக்க வேண்டும், எடுத்தால் செய்து தருகிறோம் என்று அவர் சொன்னார். அக்காவின் வாயை அடைக்கத்தான் சொல்லியிருப்பார். அக்கா ஒரு லொறி எடுத்தார்.

லொறி வந்து இறங்கிய அன்று வீடு, வளவு, ஒழுங்கையில் பாதி எல்லாம் கதிரை. கணவர் வேலை முடிந்து வந்து, வாசலில் நின்று பார்த்துவிட்டு, மேலே கிடந்த ஒன்றை எடுத்துப் போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டாராம். ஆறு கதிரைகளை வீட்டுக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை என்ன செய்வது? வாடகைக்கு விட்டார். கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா, செத்தவீடு. எங்கள் பகுதியில் அக்கா ‘கதிரை அக்கா’ ஆனது இப்படித்தான். பிறகு கூடாரம் வாங்கினார். அதன் தறப்பாளும் அதே நிறம்.

கலியாணவீடுகளில் பிரச்சினை இல்லை. செத்தவீடுகளில்தான் முகம் சுளித்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் ஒழுங்கை முகப்பிலிருந்து வெள்ளைக் கொடி கட்டுவார்கள், வெள்ளைத் துணி விரிப்பார்கள், வருகிறவர்கள் வெள்ளையில் வருவார்கள். இவ்வளவு வெள்ளைக்கும் நடுவில் வரிசை வரிசையாகக் கத்தரிப்பூ. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இறந்தபோது அவருடைய மகன் கொழும்பிலிருந்து வந்தார். கதிரைகளைக் கண்டதும் அக்காவைக் கூப்பிட்டார்.

“என்ன இது? அப்பாவுக்கு ஒரு மரியாதை வேண்டாமோ? வெள்ளை உறையாவது போட்டுத் தாங்கோ.”

“உறை என்னட்டை இல்லை.”

“இது செத்தவீடு அம்மா.”

“எனக்கும் தெரியும். உங்கட அப்பா நாலு வருசமா பின்னேரத்தில என்ர வாசல்ல இந்தக் கதிரையிலதான் இருந்து பேப்பர் வாசிச்சவர். அப்ப அவர் மரியாதை குறைஞ்சு போனாரோ? வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, இப்பவே ஏத்திறன். சனம் நிண்டுகொண்டு அழட்டும்.”

கதிரைகள் அங்கேயே இருந்தன. அந்த மகனும் அன்று முழுக்க அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கதிரைகளில் பாதிக்குமேல் கிண்ணியாவில் ஒரு கலியாணவீட்டுக்குப் போயிருந்தன. அந்தக் கலியாணவீடும் போய்விட்டது, கதிரைகளும் போய்விட்டன. அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் தட்டைப் படகில்தான் கடக்க வேண்டும். கொஞ்ச நாளில் அந்தப் படகில் வருகிற ஆட்கள் தலையில் ஒன்று, சைக்கிள் கரியரில் ஒன்று என்று கதிரைகளைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். வலையில் பட்டது, கண்டல் மரங்களுக்குள் சிக்கிக் கிடந்தது, வயலில் மிதந்தது. வேறு யாருடைய கதிரையாக இருந்தாலும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இதை யாருடையது என்று கேட்கவேண்டிய தேவையே இல்லை. தங்கள் வீடு போன சனம் அக்காவின் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தது. அக்கா ஒவ்வொருவருக்கும் சோறு போட்டார். பிறகு அவரே அங்கே போனார். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களில் ஒரு வயதானவர் கத்தரிப்பூக் கதிரை ஒன்றில் உட்கார்ந்திருந்தார். அக்காவைக் கண்டதும் அவசரமாக எழும்பப் பார்த்தார்.

“இருங்கோ அப்பா, இருங்கோ,” என்றார் அக்கா. “ஆளை எழுப்பிப்போட்டுக் கதிரை எடுக்கிறதுக்கோ நான் வந்தனான்?”

அங்கே கண்ட ஒன்றையும் அவர் திருப்பி எடுக்கவில்லை. போன கதிரைகளுக்குப் பதிலாக மறுபடி ஒரு லொறி எடுத்தார். இந்த முறை கம்பனி மறுபேச்சுப் பேசவில்லை.

பிறகு ஊரில் பளபளக்கும் சாட்டின் துணி உறையும் பின்பக்கம் பெரிய முடிச்சும் போட்ட வெள்ளைக் கதிரைகள் வந்தன. கலியாணங்கள் மண்டபங்களுக்குப் போயின. அக்காவுக்கு வேலை குறைந்தது. சனங்கள் புத்தி சொன்னார்கள்: காலத்தோடு போக வேண்டும், கொஞ்சம் வெள்ளையும் வைத்துக்கொள் என்று. “வெள்ளை வச்சிருக்கிறவன் எத்தினையோ பேர். அவங்களிட்டப் போங்கோ,” என்பார். எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற காலத்தில், வாடகைக்குப் போகாமல் வளவில் அடுக்கியிருந்த கதிரைகளைக் கொண்டுபோய் வரிசை நெடுகப் போட்டார். தெருவில் இரண்டு பக்கமும் வெயிலில் அந்த நிறம்தான். உட்கார்ந்தவர்களிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “எப்பிடி, கலர் வடிவோ?” இல்லை என்று சொல்ல அந்த நேரத்தில் யாருக்குத் துணிவு வரும்?

இதெல்லாம் எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரிந்தவை. இனிச் சொல்லப்போவதைப் பற்றித்தான் இன்றும் இரண்டு விதமாகக் கதைக்கிறார்கள். அக்கா செய்தது அகங்காரம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரே மகள். கிண்ணியாவில் தனியார் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறாள். ஸ்கூட்டரில் போய் வருவாள். ஒருநாள் வேலை முடிந்து, தோழி ஒருத்தியைக் கப்பல்துறையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பொழுது சாயும் மம்மல் நேரம், கண்டி வீதியில் ஒரு மாடு குறுக்கே வந்துவிட்டது. தலையில் அடி. கால் இரண்டு இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் அவளைச் சுவாச மெசினில் போட்டார்கள். நானும் மனைவியும் வாசலுக்கு வெளியே ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். கண் திறக்கவில்லை. மறுநாள் விடிய பெரிய வைத்தியர் என்னைக் கூப்பிட்டு, “இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது. நாங்கள் செய்யக்கூடியதைச் செய்யிறம்,” என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். அதை நான் என் மனைவியிடம் அப்படியே சொன்னேன். பக்கத்தில் நின்ற என் மச்சான், மனைவியின் தமையன், அதை வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்.

மச்சான் கெட்டவர் அல்ல. குடும்பத்தில் எந்தக் காரியம் என்றாலும் முன்னுக்கு நின்று ஒழுங்கு செய்கிறவர் அவர்தான். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வைத்தியர் கையை விரித்துவிட்டார் என்று தெரிந்தால், கடைசி நேரத்தில் ஓடித் திரியக்கூடாது என்று முன்கூட்டியே கூடாரம், கதிரை, கொடி எல்லாவற்றுக்கும் சொல்லி வைத்துவிடுவார்கள். தாய் தகப்பனுக்குத் தெரியாமல் செய்வார்கள். அதை உதவி என்றே நினைப்பார்கள். நானும் வேறு வீடுகளில் அப்படிச் சொல்லிவைக்கப் போனவர்களுடன் கூடப் போயிருக்கிறேன். மச்சான் அன்று காலை நேரே எதிர் வீட்டுக்குப் போயிருக்கிறார். இது நான் பிறகு அறிந்தது.

“அக்கா, பிள்ளைக்குச் சரிவராது போல. கதிரையும் கூடாரமும் ஒதுக்கி வையுங்கோ.”

“எந்தப் பிள்ளைக்கு?”

“எங்கட பிள்ளைக்குத்தான்.”

“மூச்சு நிண்டிட்டுதோ?”

“இன்னும் இல்லை. ஆனா...”

“அப்ப வெளியில போம்.”

மச்சானுக்கும் கோபம் வந்திருக்கிறது. உன்னிடம் மட்டும்தானா கதிரை இருக்கிறது, அதுவும் இந்தப் பிள்ளைக்கு உன்னுடைய நிறம் வேண்டாம், வெள்ளையே எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, கிண்ணியாப் பக்கத்தில் வெள்ளைக் கதிரை வாடகைக்கு விடுகிறவர்களுக்குப் போன் பண்ணியிருக்கிறார். நாளைக்கு லொறி இல்லை, வேறு இடத்துக்குப் போகிறது, இன்றே இறக்குகிறோம் என்று அவர்கள் சொல்ல, இவரும் ஓம் என்றுவிட்டார்.

அன்று மத்தியானம் நான் மகளுக்குத் துவாயும் மனைவிக்கு மாற்றுச் சீலையும் எடுப்பதற்காக ஓட்டோவில் வீட்டுக்கு வந்தேன். ஒழுங்கை முகப்பில் ஒரு லொறி நின்றது. அதில் வெள்ளைக் கதிரைகள், உயரத்துக்கு அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

அந்த வெள்ளையைக் கண்டதும் நான் நினைத்ததை எழுத என்னால் இன்றும் ஏலாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நடந்துவிட்டது, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, எனக்கு மட்டும் சொல்லவில்லை. ஓட்டோவிலிருந்து இறங்கினேன். அப்படியே றோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

“தம்பி! ஒண்டும் இல்லை! பிள்ளை இருக்கிறாள்! எழும்புங்கோ!”

அக்காவின் குரல். அப்போதுதான் லொறிக்கு முன்னால் பார்த்தேன். ஒழுங்கையின் குறுக்கே கத்தரிப்பூ ஸ்கூட்டர். அதற்குப் பக்கத்தில், நட்ட நடுவில், கத்தரிப்பூக் கதிரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கத்தரிப்பூக் குடையை விரித்துப் பிடித்தபடி அக்கா உட்கார்ந்திருந்தார். அவரின் பின்னால் கணவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஆஸ்பத்திரிக்கு இப்பதான் போன் எடுத்தனான். உங்கட மனிசியோட கதைச்சனான். ஒரு மாற்றமும் இல்லை. இவைதான் அவசரப்படுகினம்.”

லொறிச் சாரதி இளைஞன். வியர்த்துப்போய் நின்றான். “அக்கா, நீங்க கொஞ்சம் அரக்கி வழி விட்டா நான் இறக்கிட்டுப் போயிருவேன். ஓடர் வந்த இடத்துக்குத்தானே வந்திருக்கேன். இன்னும் ரெண்டு மௌத்து வீடு இருக்கு.”

“அங்க போம். இங்க ஒருத்தரும் சாகேல்லை.”

“என்ன அக்கா?”

“காது கேக்கேல்லையோ? அந்தா, றோட்டில இருக்கிறாரே, அவர்தான் தகப்பன். அவரின்ர பிள்ளை ஆஸ்பத்திரியில மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள். நீர் கதிரை கொண்டு வந்திருக்கிறீர்.”

அந்தப் பெடியன் என்னைப் பார்த்தான். பிறகு லொறியருகில் நின்ற மச்சானைப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

“யா அல்லாஹ்! மௌத்தாகாத ஆளுக்கா என்னைய வரச் சொன்னீங்க? என்ன மனிசர் நீங்க? வாப்பாக்குத் தெரிஞ்சா என்னைய வீட்டுக்குள்ள எடுக்க மாட்டாரு!”

மச்சான் அக்காவிடம் போனார். “அக்கா, இது எங்கட குடும்ப விசயம். நாளைக்கு ஒண்டு நடந்தால் சனத்தை எங்க இருத்திறது? நீங்களோ பொறுப்பு?”

“ஓம், நான் பொறுப்பு. நடந்தால் என்ர கதிரையை நானே தூக்கிக்கொண்டு வருவன். இந்த நிறத்தில. நடக்கிறதுக்கு முதல் இந்த ஒழுங்கையில வெள்ளை இறங்காது. ஏலுமெண்டால் எனக்கு மேலால லொறியை விடச் சொல்லும்.”

சாரதி அதற்குள் லொறியில் ஏறிவிட்டான். பின்னுக்கு எடுத்துத் திருப்பும்போது என்னருகில் நிறுத்தி, “கவலைப்படாதீங்க நானா, துஆ செய்றேன்,” என்று சொல்லிவிட்டுப் போனான். மச்சான் மதிலோடு சாய்ந்து நின்றார். திடீரென்று சின்னப் பிள்ளை மாதிரிக் குலுங்கி அழுதார். என் மகளைச் சைக்கிளில் வைத்துப் பாலர் பாடசாலைக்குக் கொண்டுபோனவர் அவர். அக்கா எழும்பித் தான் இருந்த கதிரையை அவருக்குப் போட்டார்.

“இரும். இருந்து அழும். இதுக்குக் கதிரை தருவன்.”

அக்கா என் மகளைக் காப்பாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். காப்பாற்றியவர்கள் வைத்தியர்களும் தாதிமாரும். அவள் கண் திறந்தது பிறகுதான், பல நாட்கள் கழித்து, ஒரு அடையாளமும் இல்லாத சாதாரண காலை நேரத்தில். நான் அக்காவிடம் ஒருநாள் நேரே கேட்டேன்.

“அக்கா, அண்டைக்குப் பிள்ளை செத்திருந்தால்?”

“செத்திருந்தால் செத்தவீடு. நானும் அழுதிருப்பன்.”

“நீங்கள் சொன்னது பிழைச்சுப் போயிருக்குமே.”

“நான் என்ன சாத்திரமோ சொன்னனான்? அண்டைக்கு அவள் உயிரோட இருந்தாள். அதைத்தான் சொன்னனான். அதில என்ன பிழை?”

இதை விளங்கிக்கொள்ளாதவர்கள்தான் இன்றும் அகங்காரம் என்கிறார்கள். அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. எழுதி வைக்கிறேன்.

நானும் உடனே விளங்கிக்கொண்டவன் அல்ல. மகளை வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு நானும் மனைவியும் அவளை முன் அறையில் கிடத்தினோம். காயத்தில் நீர் கசிந்தால் உடனே தெரியவேண்டும் என்று வெள்ளை விரிப்பு, வெள்ளைத் தலையணை உறை, வெள்ளை இரவுச் சட்டை. தூசி வராமல் யன்னலைச் சாத்தினோம். பார்க்க வந்தவர்கள் பிஸ்கட் பெட்டியைக் கதவடியில் வைத்துவிட்டு மெல்லிய குரலில் கதைத்தார்கள். நாங்களும் அப்படியே கதைக்கப் பழகிவிட்டோம். அவள் ஊன்றுகோலில் நடக்கத் தொடங்கிய பிறகும் வாசல்படிக்கு அப்பால் நான் விடவில்லை. பாடசாலையிலிருந்து அதிபர் போன் எடுத்து எப்போது வருகிறாள் என்று கேட்டபோது, இனி வரமாட்டாள் என்று அவளைக் கேட்காமலே சொன்னேன். இரவில் எழும்பிப் போய் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். அவள் கண்ணை மூடியபடியே, “இருக்கிறன் அப்பா,” என்பாள்.

ஒரு பின்னேரம் அக்கா ராசவள்ளிக் கஞ்சியோடு வந்தார். அறை வாசலில் நின்று உள்ளே சுற்றிப் பார்த்தார். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னை விறாந்தைக்கு வரச் சொன்னார். மெல்லிய குரலில் கதைக்கவில்லை.

“நான் ஒழுங்கையில நிண்டு மறிச்சதை நீங்கள் வீட்டுக்குள்ள நடத்துறியள்.”

“என்ன அக்கா சொல்லுறியள்?”

“போய்ப் பாருங்கோ. யன்னல் சாத்தி, வெள்ளை விரிச்சு, சுத்தி இருந்து குசுகுசுக்கிறியள். கொடி கட்டாததுதான் குறை.”

“அக்கா, நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது.”

“தெரியும். றோட்டில இருந்ததைக் கண்டனான். இன்னும் எழும்பேல்லை நீங்கள். அவள் எழும்பிட்டாள்.”

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. என் பிள்ளை, என் வீடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை.

“சரி, உங்கட பிள்ளை. அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும்?”

நான் வாயைத் திறந்தேன். அவளுடைய இரத்த வகை எனக்குத் தெரியும். எந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று தெரியும். சாதாரண தரப் பரீட்சையில் எந்தப் பாடத்துக்கு என்ன பெறுபேறு என்று இப்போதும் ஒப்புவிப்பேன்.

“அவளுக்கு... எல்லாம் பிடிக்கும்,” என்றேன்.

“எல்லாம் பிடிக்கிற மனிசர் இல்லை.”

“பூசணிப்பூ மஞ்சள்!”

அறைக்குள்ளிருந்து வந்தது. விபத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சத்தமாகக் கதைத்து நாங்கள் கேட்டதில்லை. குசினியிலிருந்து மனைவி கையில் அகப்பையோடு ஓடிவந்தாள்.

அக்கா அறைப் பக்கம் திரும்பினார். “என்னது?”

“பூசணிப்பூ மஞ்சள் அன்ரி. சின்னனில இருந்தே.”

“சீ! அதுவும் ஒரு கலரோ? கண் குத்தும்.”

“கத்தரிப்பூவை விடப் பரவாயில்லை. இருட்டினால் உங்கட வீட்டைக் காணேலாது.”

“வாயைப் பார்! கால்தான் முறிஞ்சது, வாய் முறியேல்லை!”

இருவரும் சிரித்தார்கள். மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்று அழுதுகொண்டு சிரித்தாள். இத்தனை வருடம் அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்த சட்டைகள், பாடசாலைப் பைகள், குடைகள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. அழுக்குத் தெரியாது என்று எல்லாவற்றையும் கடும் நீலத்தில்தான் வாங்கினேன். அவள் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மறுநாள் விடிய அக்கா தம்ளரில் ஒரு பூசணிப்பூவோடு கேற்றடியில் நின்றார். “என்ர கையால இந்த நிறத்தைக் கலப்பிக்கிறதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ,” என்றார். ஸ்கூட்டரின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார். தூரிகை பிடித்தது மகள்தான். ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையில் தூரிகை. தன் அறைக் கதவுக்குத் தானே பூசினாள். கீழ்ப்பாதி சரியாக வந்தது, மேல்பாதி எட்டவில்லை. நான் பூசுகிறேன் என்றேன். வேண்டாம், கை உயரும்போது பூசுகிறேன் என்றாள். இரண்டு மாதம் அந்தக் கதவு பாதி மஞ்சளாகவே இருந்தது. யன்னலை அவளே திறந்தாள். பிறகு வெள்ளை விரிப்பு போனது. பிறகு அதிபருக்கு அவளே போன் எடுத்தாள்.

அக்கா இப்போது இல்லை. கணவர் மட்டக்களப்பில் குடும்பமாக இருக்கும் தங்கள் மகனோடு போய் இருக்கிறார். எதிர் வீட்டை வாங்கியவர்கள் பால் வெள்ளை அடித்திருக்கிறார்கள். அது அவர்களுடைய சுவர். அக்காவின் செத்தவீடு எப்படி நடந்தது, எந்த நிறக் கதிரை போட்டார்கள் என்று வெளியூரில் இருக்கிறவர்கள் என்னிடம் கேட்பார்கள். நான் சொல்வதில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. இப்படி முடிகிற கதைகளில் ஒன்றாக அவரை ஆக்க எனக்கு விருப்பமில்லை.

மகள் கிண்ணியாவுக்கு முதலில் பஸ்ஸில் போய் வந்தாள். போன மாதம் மறுபடி ஸ்கூட்டர் வாங்கினாள். நான் வேண்டாம் என்றேன். கெஞ்சினேன். ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தும் பார்த்தேன். அவள் பிளேட்டை எனக்கு முன்னால் வைத்துவிட்டு, “பசிச்சால் சாப்பிடுங்கோ அப்பா. நான் வாங்கிறது வாங்கிறதுதான்,” என்றாள். இந்தப் பிடிவாதம் என் பரம்பரையிலும் மனைவியின் பரம்பரையிலும் இல்லை.

இன்று காலை வானம் கறுத்திருந்தது. அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு முற்றத்தில் ஸ்கூட்டரை இயக்கினாள்.

“அப்பா, நான் போட்டு வாறன். இடையில போன் எடுக்காதேங்கோ. ஸ்கூட்டர் ஓடேக்க கதைக்க ஏலாது.”

“மழை வரும் போல கிடக்கு.”

“வரட்டும்.”

“மாடுகள்...”

“ஓம், மாடுகளும் வரும்.”

கேற்றை நான்தான் திறந்துவிட்டேன். அவள் ஒழுங்கையால் மேலே ஏறி வீதியில் திரும்பினாள். சத்தம் தேய்ந்து போகும் வரை நின்றேன். கேற்றைச் சாத்திவிட்டுப் போனைக் கையில் எடுத்தேன். அவள் எண்ணை அழுத்தாமல் அதைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, உள்ளே போய் வேலைக்கு வெளிக்கிட்டேன்.